மெலிசு கம்பியைச் சத்தமாக்கின கதை

மாப்பிள்ளை ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. இன்னொரு கால் அந்தரத்துல. எங்க பேஸ் கிட்டாரோட நாலாவது "டும்"முக்காகத்தான் காத்துக்கிட்டு நின்னாரு.

சுரண்டைல ஒரு ரிசப்ஷன். மேடைக்கு நாலு படி. நாங்க நாலு தடவ "டும்" அடிப்போம், ஒவ்வொரு டும்முக்கும் மாப்பிள்ளை ஒரு படி ஏறணும், நாலாவது டும்முக்கு மேடை மேல நிக்கணும், பூ கொட்டும். இதான் ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டு மாடிப்படியில நாலு நாள் பயிற்சி எடுத்திருக்காரு பாவம்.

மொத டும், தடிச்ச கம்பி. மண்டபமே அதிர்ந்துச்சு. ரெண்டாவது, மூணாவது, ரெண்டும் கணீர்னு விழுந்துச்சு. நாலாவது மெலிசு கம்பி. அது வரல.

மாப்பிள்ளை காத்துப் பாத்தாரு. கழுத்துல ஆள் உசர மாலை. அது ஒரு பக்கமா இழுக்க, அவரும் அந்தப் பக்கமாவே போயி, நேரா ஐஸ்கிரீம் ஸ்டாலுக்குள்ள உக்காந்துட்டாரு. வெண்ணிலா.

"சத்தியமா அடிச்சேன் அண்ணாச்சி. விரல் எரியுது, தொட்டுப் பாருங்க"ன்னு பலவேசம் கையை நீட்டினான்.

பலவேசம்தான் எங்க பேஸ் கிட்டார். அவன் விரலைத் தொட்டுப் பாத்தவரு குற்றாலிங்கம் அண்ணாச்சி, எங்க குழு ஓனர், கீபோர்டும் அவருதான். பாட்டு அமலோற்பவம் அக்கா. ரிதம் பேட் நான். குழுவுக்குப் பேரு 'குற்றாலச் சாரல்'. நாலு பேர்தான், ஆனா பேனர்ல 'மாபெரும்'னு போட்டிருக்கும்.

அண்ணாச்சி தீர்ப்பு சொல்லிட்டாரு. "எலேய் பலவேசம், அடுத்த ஞாயித்துக்கிழம இதே மண்டபத்துல பொண்ணோட அண்ணனுக்குக் கல்யாணம். அதே நாலு படி. அதுக்குள்ள நாலு கம்பியும் ஒரே சத்தத்துல கேக்கணும். இல்லன்னா நீ வேண்டாம், கீபோர்டுல என் இடது கையே டும் அடிச்சிரும்."

பலவேசம் முகம் செத்துப் போச்சு. ஆவணியில அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு, நானூறு. மத்தவங்க பேருக்குக் கீழ பி.இ., எம்.காம்.னு போடுற இடத்துல இவன் 'பேஸ் கிட்டார், குற்றாலச் சாரல்'னு போட்டிருக்கான். நாலு மூலையிலயும் மஞ்சள் வேற தடவியாச்சு.

"மஞ்சள் தடவின பத்திரிகையில அடிச்சு எழுதலாமாக்கா?"ன்னு அழுதான்.

"கூடாதுடே, குடும்பத்துக்கு ஆவாது. கம்பியைத்தான் சரி பண்ணணும்"னு அக்கா சொல்லிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினோம். நான் வேல பாக்குற மாவு மில்லுக்கு மேல ஒரு ரூம் இருக்கு, அதான் எங்க ஆபீஸ். திருநெல்வேலியில கிட்டார் மெக்கானிக் ஜெபமணி இருக்காரு. அவருக்கு விவரத்தைச் சொன்னோம், ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு. அதை அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால வச்சு போட்டாரு:

"வே, மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். ஆம்ப்பைத் தொட்டுராதீங்க, குறை அதுல இல்ல. கம்பிக்கு அடியில கறுப்பா, சோப்புக் கட்டி கணக்கா ஒண்ணு இருக்குல்லா, அதான் பிக்கப். உள்ள காந்தம். அது கம்பிக்குப் பக்கத்துல போனா சத்தம் கூடும், தள்ளிப் போனா குறையும். மெலிசு கம்பிப் பக்கம் அதை உயர்த்துங்க, தடிச்ச கம்பிப் பக்கம் கொஞ்சம் இறக்குங்க. ரொம்ப உயர்த்திராதீங்க, நடுவுல ரெண்டு ரூவா காசு ரெண்டு வச்சுப் பாருங்க, அவ்வளவு இடம் போதும். அப்புறம் கடைசி வரிசையில போய் நின்னு கேளுங்க. நாலும் சமமா கேட்டா முடிஞ்சுது."

எவ்வளவு தெளிவா சொல்லியிருக்காரு பாருங்க. இதுல தப்பு பண்ண யாராலயும் முடியாதுன்னு நாங்க பேசிக்கிட்டோம்.

முதல்ல ஆம்ப். எங்க ஆம்ப் டிரங்குப் பெட்டி உயரம் இருக்கும், கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குறதே அதுதான். சுவிட்சைப் போடலாம்னு நான் கையை நீட்டினேன். அக்கா என் கையில அடிச்சாங்க.

"தொடாதன்னு சொன்னாருல்லா?"

"சுவிட்சைத்தானக்கா தொடுதேன்?"

"சுவிட்சு எதுல இருக்கு?"

"ஆம்ப்புல."

"அப்ப?"

நான் கையை எடுத்துட்டேன். அன்னைலருந்து ஆம்ப்பை யாரும் தொடல. கூட்டும்போது விளக்குமாறு பட்டுரும்னு அதைச் சுத்தி ஒரு முழம் விட்டே கூட்டுறோம்.

அடுத்தது பிக்கப்பை உயர்த்தணும். கிட்டாரைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சோம். உயர்ந்துச்சு. ஆனா சத்தம் கூடல. மேஜை மேல வச்சோம். பத்தல. பீரோ மேல ஏத்தினோம்.

"இப்ப பிக்கப் எவ்வளவு உயரத்துல இருக்கு?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"ஏழடி அண்ணாச்சி."

"கம்பி?"

பலவேசம் பீரோ மேல எட்டிப் பாத்தான். "அதுவும் ஏழடிதான். கூடவே ஏறி வந்துருச்சு."

"கம்பியைக் கீழ விட்டுட்டு பிக்கப்பை மட்டும் ஏத்திருக்கணும்டே"ன்னு அண்ணாச்சி நாக்கைக் கடிச்சாரு. அதுக்கு எங்ககிட்ட ஏணி இல்ல. ஜெபமணிக்கு போன் போட்டோம்.

"ஸ்க்ரூவைத் திருப்புங்கவே!" அந்தச் சத்தம் போனுக்கு வெளியவும் கேட்டிருக்கும். "ரெண்டு ஓரத்துலயும் ஸ்க்ரூ இருக்குவே! அரைச் சுத்து, அரைச் சுத்தா திருப்பிப் பாருங்க!"

இருங்க, மில்லுக்கு மிளகா வத்தல் மூட்டை வந்திருக்கு. எறக்கிட்டு வந்துருதேன்.

வந்துட்டேன். தும்மல் நிக்கல, பரவால்ல.

ஸ்க்ரூவை யாரு திருப்புறது? எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. எந்த நல்ல காரியம்னாலும், விழாவுல குத்துவிளக்குக்கு ஆளுக்கொரு திரி ஏத்துவாங்கல்லா, அது மாதிரி நாலு பேரும் ஆளுக்கொரு கை வைக்கணும். புது மைக் வாங்கினப்பவும் அப்படித்தான், நாலு பேரும் ஒரே மைக்ல வாய வச்சு ஒரு நிமிசம் 'ம்ம்ம்' சொன்னோம்.

ஸ்க்ரூவுக்குச் சந்தனம் வச்சோம், குங்குமம் வச்சோம். அண்ணாச்சி மூத்தவரு, வலது பக்கமா அரைச் சுத்து. பலவேசம் காதைக் கிட்டார் மரத்துல வச்சுக் கேட்டான். "கொஞ்சம் தெரியுது அண்ணாச்சி."

அடுத்து அக்கா. அண்ணாச்சி திருப்பின பக்கமே திருப்பினா அவரு வேலையில குறை கண்ட மாதிரி ஆயிரும்லா? மரியாதைக்கு இடது பக்கமா அரைச் சுத்து. "இப்ப நல்லாவே தெரியுது."

அப்புறம் நான், வலது. கடைசியா பலவேசம், அக்காவுக்கு மரியாதையா இடது.

நாலு பேரும் காது வச்சுக் கேட்டோம். "எப்படி இருந்த கம்பி, எப்படி ஆயிருச்சு!"ன்னு அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்படியே நாலு ரவுண்டு போனோம்.

அடுத்து காசு. ரெண்டு ரூவா காசு ரெண்டை எடுத்து கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல விட்டோம். 'டக்'னு காந்தம் புடிச்சுக்கிட்டுது. பாத்தோம். ரொம்ப நேரம் பாத்தோம்.

"எடுத்துரலாமா?"ன்னு பலவேசம் கேட்டான்.

"வச்சுப் பாருங்கன்னுதானே சொன்னாரு? எடுக்கச் சொன்னாரா?"ன்னு அக்கா கேட்டாங்க.

வாய்ஸ் மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டோம். எடுக்கச் சொல்லல. காசு அங்கேயே இருந்துச்சு.

கடைசிச் சோதனை, கடைசி வரிசை. ரூம்ல வரிசையே கிடையாது. அதனால கீழ இறங்கி, தெருவைத் தாண்டி, இ.பி. ஆபீஸ் சுவர் ஓரமா வரிசையா நின்னோம். நாலு பேருமே நின்னோம், ஏன்னா இது நாலு பேர் காதும் சம்பந்தப்பட்ட விசயம். மூச்சைப் புடிச்சுக்கிட்டு மேல பாத்துக் கேட்டோம்.

"தடிச்ச கம்பி கேக்குதா?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"இல்ல அண்ணாச்சி."

"மெலிசு?"

"அதுவும் இல்ல."

"நடுவுல ரெண்டு?"

"ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

"ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு ஏதாவது வித்தியாசம்?"

"துளி கூட இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி பலவேசத்தைக் கட்டிப் புடிச்சாரு. "நாலும் சமம்டே! முடிஞ்சுது!"

பலவேசம் அன்னைக்கே போயி நூத்தம்பது பத்திரிகை குடுத்துட்டு வந்துட்டான்.

ஞாயித்துக்கிழம. ஆம்ப்பைத் தொடாம சுரண்டைக்குக் கொண்டு போறது எப்படி? அக்காதான் வழி சொன்னாங்க. மேல ஒரு போர்வையைப் போட்டு, போர்வையைப் புடிச்சு தூக்கினோம். மேடையிலயும் போர்வையோடவே உக்காந்திருந்துச்சு. காய்ச்சல்காரர் மாதிரி இருந்தாலும் மரியாதையா இருந்துச்சு.

முன் வரிசையில போன வாரத்து மாப்பிள்ளை, கணுக்கால்ல மாவுக்கட்டு. பக்கத்துல அவங்க அப்பா எங்களையே பாத்துக்கிட்டு இருக்காரு. மீசை துடிக்குது. அண்ணாச்சி பலவேசம் காதுல சொன்னாரு:

"பயப்படாத. நீ பாட்டுக்கு அடி. துணைக்கு நானும் என் இடது கையால அதே டும்மை மெதுவா கூடவே வாசிக்கேன். சாமிக்கு முன்னால ஆளு போற மாதிரி."

புது மாப்பிள்ளை படிக்கு முன்னால வந்து நின்னாரு. ஆறடி ரெண்டங்குலம். மேல பொண்ணு அஞ்சடி அஞ்சங்குலம்.

பலவேசம் தடிச்ச கம்பியை அடிச்சான். மொத டும் கொஞ்சம் கம்மியா, யாரோ பக்கத்து ஊர்ல இருமின மாதிரி வந்துச்சு. மாப்பிள்ளைக்குக் கேக்கல. அவரு நின்ன இடத்துலயே நின்னாரு. ரெண்டாவது டும், கணீர். மாப்பிள்ளை மொத படி. மூணாவது டும், ரெண்டாவது படி. நாலாவது, மெலிசு கம்பி, போன வாரம் வராத அந்த டும்! அப்படியொரு சத்தம்! மாப்பிள்ளை மூணாவது படி. பூ கொட்டிருச்சு.

அவரு அடுத்த டும்முக்குக் காத்திருந்தாரு. எங்ககிட்ட நாலுதான் உண்டு, குடுத்தாச்சு. போன வாரம் ஒருத்தர் அவசரப்பட்டு காலைத் தூக்கினதுல என்ன ஆச்சுன்னு கண்ணால பாத்தவராச்சே, மனுசன் அசையல. மூணாவது படியிலயே நின்னு பொக்கே வாங்கினாரு, கை குலுக்கினாரு, போட்டோவுக்குச் சிரிச்சாரு. பொண்ணு மேல, அவரு ஒரு படி கீழ. போட்டோவுல பாத்தா ரெண்டு தலையும் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி சமமா நிக்குது!

பொண்ணோட அப்பா ஓடி வந்து அண்ணாச்சி கையைப் புடிச்சுக்கிட்டாரு. "உயரப் பொருத்தம் இல்லன்னு ஊரெல்லாம் பேசுனாங்கய்யா. சரி பண்ணிட்டீங்களே!"

"நாங்க சமன் பண்ணினா அப்படித்தான்"னு அண்ணாச்சி அடக்கமா சொன்னாரு.

சாப்பாட்டுப் பந்தியிலதான் அக்கா ஒரு குண்டைப் போட்டாங்க. "எல்லாம் சரிதான். மொத டும் ஏன் கம்மி?"

நாங்க இலையிலருந்து கையை எடுத்துட்டோம்.

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்"னாங்க அக்கா. "அப்புறம் பாட்டுக்கு நடுவுல பலவேசம் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு கம்பியை அடிக்காத நேரத்துலயும் டும் வருது. அண்ணாச்சி இடது கை விரல் கீழ போனாத்தான் வருது. மொத டும் சுண்டுவிரல்."

பாயசம் வந்துச்சு, போச்சு.

"அப்ப..."ன்னு பலவேசம் இழுத்தான். "சத்தம் கம்பியை விட்டுட்டு அண்ணாச்சி கைக்குப் போயிருச்சா?"

"பின்ன? பக்கத்துல கொண்டு போனா கூடும்னு ஜெபமணி சொன்னாருல்லா. ரெண்டு பேரும் ரொம்பப் பக்கத்துல நின்னுட்டீங்க"ன்னாங்க அக்கா.

பலவேசம் இலையைத் தள்ளி வச்சான். "அப்ப நான் வேண்டாமா அண்ணாச்சி? இன்னும் இருநூத்தம்பது பத்திரிகை இருக்கே..."

அண்ணாச்சி தன் இடது கையைத் தூக்கி லைட்டு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நாலு விரல் நல்லா இருக்கு, சுண்டுவிரல் மட்டும் தாழ்ந்து கெடக்கு.

"கிறுக்குப் பயலே, இப்பத்தான்டே நீ கண்டிப்பா வேணும். இதைச் சமன் பண்ண இந்தக் குழுவுல வேற எவனுக்குத் தெரியும்?"

பலவேசம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மேடைக்கு ஓடி, கிட்டார்லருந்து அந்த ரெண்டு காசையும் பிச்சு எடுத்துட்டு வந்தான். அண்ணாச்சி சுண்டுவிரலுக்கு அடியில வச்சு, நூல் போட்டுக் கட்டினான். விரல் உயர்ந்துச்சு. நாங்க மூணு பேரும் பந்தியோட கடைசி வரிசைக்குப் போயி நின்னு கேட்டோம். அண்ணாச்சி இலையில விரலால அடிச்சாரு. முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேல்.

ஆனாலும் இன்னும் ஒரு அரைச் சுத்து வேணும். அதுக்குத்தான் ஜெபமணிக்கு அண்ணாச்சி கையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, ஸ்க்ரூ எங்க இருக்குன்னு கேட்டிருக்கோம். நாலு நாளாச்சு, பாத்துட்டாரு, பதில் இல்ல. பலவேசம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில வச்சுக்கிட்டு அண்ணாச்சி வீட்டு வாசல்லயே உக்காந்திருக்கான். சந்தனம், குங்குமம் ரெடி.

உங்க ஊர் கச்சேரியிலயும் இப்படி சத்தம் கம்பியை விட்டுட்டு கீபோர்டுகாரர் சுண்டுவிரலுக்குப் போயிருக்கா? போயிருந்தா கொஞ்சம் சொல்லுங்க: ஸ்க்ரூ நகத்துப் பக்கமா, உள்ளங்கைப் பக்கமா?