லூதியானாவில் பொங்கிய மாவு

பால்வண்ணம் கதை அளக்க ஆரம்பித்தால் அவனாலேயே நிறுத்த முடியாது. அதிலும் அன்றைக்கு அவனுக்கு அவசரம் வேறு. சங்கரன்கோவிலை விட்டு லூதியானாவுக்கு ஸ்வெட்டர் மில் வேலைக்குப் போய் எட்டு மாசம் ஆகிறது. பெண்டாட்டி மாலையம்மாளைக் கையோடு கூட்டிப்போக லீவில் வந்திருக்கிறான். அவளோ, "இட்லி கிடைக்காத ஊருக்கு நான் வரமாட்டேன்" என்று அம்மா வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் மாமனார் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

"குளிர் குளிருங்காக, அதெல்லாம் சும்மா மச்சான். டீயை மட்டும் சட்டுன்னு குடிச்சிரணும். ஒரு நாள் பேச்சுவாக்குல விட்டுட்டேன், அப்புறம் பாக்குவெட்டியால நறுக்கித்தான் தின்னேன்."

மைத்துனன் குருசாமி காதைக் குடைந்துகொண்டே, "பாஷைக்கு என்ன செஞ்சீங்க?" என்றான்.

"நாலே நாள். அஞ்சாம் நாள் அவனுக எங்கிட்ட வந்து சந்தேகம் கேக்கானுக. ரெண்டு பேருக்குச் சண்டைன்னா, திட்டுறதுக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னு என் ரூம் வாசல்ல வரிசை நிக்கும்."

"சரி, இட்லி விஷயத்துக்கு வாங்க" என்றது அடுப்படிக்குள்ளிருந்து ஒரு குரல். மாலையம்மாள்தான். பால்வண்ணம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை அளப்பும் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான்.

"இட்லியா? அங்க குளிருக்கு மாவு பொங்காதுதான். நான் விடுவேனா? பானையைக் கம்பளியில சுத்தி, ஸ்வெட்டர் மாட்டி, குல்லாவும் போட்டுக் கட்டிப்புடிச்சிப் படுத்தேன். விடிஞ்சு பாத்தா நான் தரையில இல்ல, மேல ஃபேன்ல முட்டிக்கிட்டுக் கெடக்கேன். மாவு தூக்கிருச்சு."

"கூரை தாங்குச்சா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"எங்க தாங்க? ஜன்னலைப் பேத்துக்கிட்டுத் தெருவுல எறங்கிருச்சு. லாரியெல்லாம் அப்படியே நிக்கி. பாத்தேன், மில்லு பாய்லர் ஆவியைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டேன். தெருவே ஒத்தை இட்லி. ஒரு சர்தார்ஜி அவர் வீட்டு வாசல்ல திங்க ஆரம்பிச்சு, தின்னுக்கிட்டே நடந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேந்தாரு."

குருசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மாலையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இவ்வளவு கெட்டிக்காரரா இருக்கீகளே, அப்ப நான் எதுக்கு அங்க?"

பேசிப் பேசித் தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று பால்வண்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அவள். "நாலு படி அரிசிக்கு எவ்வளவு உளுந்து போட்டீக?"

பால்வண்ணம் விழித்தான். "உளுந்தா? அது வடைக்குல்ல போடுவாக?"

மாமனார் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. மாலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குவதை இப்போதுதான் கவனித்தாள்.

"எட்டு மாசமா வெறும் அரிசி மாவுக்குக் குல்லா மாட்டிட்டு, குளிரையா வைஞ்சுக்கிட்டு இருந்தீக? அண்ணே, ரெண்டு டிக்கெட்டாப் போடு. கிரைண்டரையும் கட்டு."

பால்வண்ணத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. "கிரைண்டர் சின்னதாப் பாத்து எடு மாலை. மாவு பொங்கினா இந்தத் தடவை டெல்லி வரைக்கும்..."

"மாவை நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரயில் ஏறுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க."