மடைப்பள்ளி வாசலில் ஒரு சுங்கம்

கடலோரத்துச் சங்குமாநகரை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் சொன்ன சொல் மாலையில் அவருக்கே நினைவிருக்காது. நாக்கு மட்டும் எதையும் மறக்காது. பலகாரம் என்றால் அவருக்கு உயிர்.

ஒரு வருஷம் சுற்றியிருந்த நாடுகளிலெல்லாம் மழை பொய்த்தது. சங்குமாநகரில் மட்டும் அமோக விளைச்சல். அயல்நாட்டுக் கப்பல்கள் வரிசைகட்டி நின்று, கேட்ட விலைக்கு அரிசியை அள்ளிக்கொண்டு போயின. உழவனுக்குக் கொண்டாட்டம், நகரத்து நெசவாளிக்கும் கூலிக்காரனுக்கும் திண்டாட்டம். உள்ளூரிலேயே அரிசி விலை இரண்டு மடங்காகிவிட்டது.

சுங்க அதிகாரி சேதிராயர் சபையில் எழுந்தார். மந்திரி உலகநம்பியின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, கப்பலேறும் ஐந்து மூட்டையில் மூன்றை வரியாக எடுத்துக்கொள்வோம். வியாபாரி தானாக அடங்குவான். அரிசி ஊருக்குள்ளேயே கிடக்கும்."

அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் விலை சரிந்தது. நகரமே ராஜாவை வாழ்த்த, ராஜா சேதிராயரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

உலகநம்பி மட்டும் எழுந்து நின்றார். "ஏழைக்குச் சோறு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம் மகாராஜா. ஆனால் வரி அளவு மீறிவிட்டது. உழவனுக்கு உழுத கூலிகூடத் தேறவில்லை. ஆற்றங்கரை ஊர்களில் வைக்கோல் பிரி சுற்றிய விதைக்கோட்டைகளை அவிழ்க்காமலே வைத்திருக்கிறார்கள். இன்னும் இருபது நாளில் விதைப்புக் காலம் முடிந்துவிடும். விதைக்காவிட்டால் அடுத்த வருஷம் நமக்கே பஞ்சம்."

"மந்திரியாருக்குக் கப்பல் வியாபாரிகள்மேல் பாசம் பொங்குகிறது. என்ன கொடுத்தார்களோ," என்றார் சேதிராயர்.

ராஜாவுக்குப் புகழ் இனித்துக்கொண்டிருந்த நேரம். குறை கேட்கப் பிடிக்கவில்லை. "உலகநம்பி, பதினைந்து நாள் தருகிறேன். இன்று சபை கலைந்ததிலிருந்து வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உம்முடைய கட்சியை எனக்குப் புரியவையும். முடியாவிட்டால் உமது பதவி சேதிராயருக்கு."

"ஆகட்டும் மகாராஜா. சபை கலையுமுன் ஒரே ஒரு உத்தரவு வேண்டும். இவ்வளவு நல்ல வரியைத் துறைமுகத்தோடு நிறுத்துவானேன்? மடைப்பள்ளி வாசலிலும் போடலாமே."

மந்திரி வழிக்கு வந்துவிட்டார் என்று சேதிராயர் பலமாகத் தலையாட்டினார். ராஜா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. பலகாரக்காரி காத்தாயி தன் செலவிலேயே மாவும் வெல்லமும் வாங்கி ஐந்து வகை சுடுவாள். முதலில் ராஜாவின் தட்டு; அதற்கு அரண்மனை தருவது சொற்ப விலை. மிச்சத்தைக் கிழக்கு வாசலில் நல்ல விலைக்கு விற்றுக்கொள்வாள். இனி வெளியே போகும் ஐந்தில் மூன்று அரண்மனைக்கு.

முதல் நாள் ராஜாவின் முன் அதிரசமும் முறுக்கும் மலையாகக் குவிந்தன. "அடடா, இதை முன்பே செய்யாமல் போனோமே," என்று இரண்டு கையாலும் சாப்பிட்டார். நான்காம் நாள் மூன்று வகைதான் வந்தது. எட்டாம் நாள் ஒன்று. பன்னிரண்டாம் நாள் தட்டில் இரண்டே இரண்டு அப்பம், அதுவும் ஓரம் கருகி.

ராஜா காத்தாயியைச் சபைக்கே வரவழைத்தார். "முந்திரிக்கொத்து எங்கே?"

"சுடலீங்க மகாராஜா."

"ஏன் சுடவில்லை?"

"வெளிய வித்தாத்தானுங்களே எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கட்டுபடியாகும். அஞ்சுக்கு மூணு வாசல்லயே போயிட்டா நான் எதுக்கு அடுப்புல வேகணும்? உங்களுக்கு ரெண்டு, என் வீட்டுக்கு ரெண்டு. அதோட அடுப்ப அணைச்சுடறேன்."

"முதல் நாள் மலையாகக் குவிந்ததே?"

"அது முன்னாடியே சுட்டு வெச்சதுங்க. சுட்டத எடுத்துக்கலாம் மகாராஜா. சுடாதத எப்படி எடுப்பீங்க?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். கொடுத்த வாக்குப்படி அவர் வாயைத் திறக்காமல் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவின் முகம் மெல்ல மாறியது. விதைக்கோட்டைகள் அவர் கண்முன் வந்தன, உள்ளபடியே பயந்துபோனார்.

சேதிராயர் அவசரமாக எழுந்தார். "இவள் சோம்பேறி மகாராஜா. உழவன் அப்படியல்ல. எந்த விலைக்கும் அவன் மண்ணைக் கைவிட மாட்டான்."

"உமக்கு ஆற்றங்கரையில் நாற்பது வேலி நிலம் உண்டல்லவா? இந்தப் போகத்துக்கு எத்தனை வேலி உழுதிருக்கிறீர்?" என்று கேட்டார் ராஜா.

சேதிராயர் மேல்துண்டைச் சரிசெய்தார். "பத்து, மகாராஜா."

"மீதி முப்பது?"

"தரிசாக... விலை கட்டுபடியாகாது என்று காரியஸ்தன் சொன்னான்."

சபை சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன.

அன்றே ஊர் ஊராகப் பறையறைந்தார்கள். ஐந்தில் மூன்று என்ற வரி இனி பத்தில் ஒன்று. வரியாக வரும் அந்த அரிசி நெசவாளித் தெருவுக்கும் கூலிக்காரர் தெருவுக்கும் பாதி விலையில் போகும். அயல்நாடுகளில் மழை பெய்து விலை இறங்கியதும் அந்த வரியும் இராது. மடைப்பள்ளிச் சுங்கம் உடனே நீங்கியது. உலகநம்பியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து ராஜா பட்டுப் போர்த்தினார். சேதிராயருக்குத் தண்டனை ஒன்றுதான்: முப்பது வேலியும் விதைத்து முடியும்வரை வயலிலேயே நிற்க வேண்டும்.

அதிலிருந்து ஆறாம் நாள் ராஜா மந்திரியோடு பார்க்கப் போனார். வழியெல்லாம் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. சேதிராயர் முழங்கால் சேற்றில் நின்று விதை தெளித்துக்கொண்டிருந்தார். ராஜாவைக் கண்டதும் கரையேறி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மகாராஜா, ஆள் கூலி ஏறிவிட்டது, மாட்டுக்குத் தீனி விலையும் ஏறிவிட்டது. அந்தப் பத்தில் ஒன்றையும் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்டேன் சேதிராயரே, நெசவாளியும் சாப்பிட வேண்டுமே," என்றார். சேதிராயர் மறுபடி சேற்றில் இறங்கினார்.