பேராசிரியருக்கு யார் கொடி போர்த்துவது?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். எனக்கே இதில் பல நாள் தூக்கம் போயிற்று.

தூத்துக்குடிக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய பேராசிரியர் இருதயராஜ், மார்க்சியத்தைப் பாடமாகச் சொன்னதோடு நிற்காமல் வேலையை உதறிவிட்டுக் கட்சியில் சேர்ந்தார். உப்பளத் தொழிலாளர்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். கட்சி விதிகளைத் திருத்தி எழுதும் வேலையும் அவரிடமே வந்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் உடலுக்குச் செங்கொடி போர்த்தக் கூடாது, போர்த்தும் உறுப்பினரும் நீக்கப்படுவார் என்று எழுதியவர் அவரேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது மனுஷனுக்கு அன்று தெரியவில்லை!

உப்பள நிலத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் மசோதா வந்தது. ஆதரிப்பது என்று கட்சி முடிவெடுத்தது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், முடிவானபின் வெளியே ஒரே குரல் என்பது அங்கே வழக்கம். இருதயராஜ் உள்ளே சண்டை போட்டுத் தோற்றார். பிறகு சட்டமன்றத்திலும் எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, சாகும் தறுவாயில் மனைவி ஜெசிந்தாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "என் மேல நம்ம கொடியைப் போர்த்தச் சொல்லு." அவள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

மாவட்டச் செயலாளர் கதிரேசன் அவரிடம் படித்தவர். உடலைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார், ஜெசிந்தா கேட்டும் கொடி மட்டும் தரவில்லை. "சார் எழுதின விதிம்மா. அவருக்காக நானே மீறினா, நாளைக்கு யார்கிட்ட போய் விதி பேசுவேன்?"

உப்பளச் சங்கத் தலைவி முத்துக்கனி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். விறுவிறுவென்று போய், தன் கட்சிக் கிளைக் கொடிக்கம்பத்திலிருந்து கொடியை இறக்கி வந்து பேராசிரியர் மேல் போர்த்தினாள். "எங்களுக்காகத்தானே இந்த மனுசனுக்கு எல்லாம் போச்சு? என்னையும் நீக்கட்டும், போங்க!"

மறுவாரம் கூலிப் பேச்சுவார்த்தை. நீக்கப்பட்டால் கட்சிச் சங்கத்தின் சார்பில் அவள் அதில் உட்கார முடியாது. அவளை விட்டால் உப்பளத்துப் பெண்களுக்காகப் பேச வேறு ஆளும் இல்லை.

ஜெசிந்தா எழுந்தாள். கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கொடியை எடுத்து மடித்துக் கதிரேசனிடம் நீட்டினாள்.

"போர்த்தினது நான்தான் தம்பி. நான் கட்சிக்காரி இல்லையே. கொடி மேலேயே கிடந்தா, கம்பத்துல இருந்து இறக்கினது யாருன்னு விசாரணை வரும். வேற யார் பேரையும் எழுதிராதீங்க."

கதிரேசன் வாங்கிக்கொண்டார். பேராசிரியர் வெறும் வெள்ளைத் துணியோடு போனார்.

விதியைக் காத்தார் ஒருவர், நன்றியைக் காத்தாள் ஒருத்தி, சத்தியத்தையே மீறினாள் இன்னொருத்தி. இவர்களில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் ஜெசிந்தாதான். கதிரேசனுக்கு விதி மிஞ்சியது, முத்துக்கனிக்கு மனசு ஆறியது. ஜெசிந்தாவுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கை, உயிரோடு இருக்கும் அத்தனை பெண்களுக்காக விட்டுக்கொடுத்தாள். சரி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவளோ இன்றைக்கும் அவர் படத்தின் முன்னால் நின்று, "கோவிச்சுக்காதீங்க" என்று அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.