மெத்தைக்குள் ஒரு பாட்காஸ்ட்

வாகைப்பட்டி கடைவீதியில் மூன்று புத்திசாலிகள் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார்கள். புத்திசாலிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டதால் ஊரில் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. மூத்தவர் அருணகிரி. யோசிப்பது அவர் வேலை. அடுத்தவன் பூவராகன். அவர் யோசித்ததை ஒப்புக்கொள்வது அவன் வேலை. மூன்றாமவன் கோதண்டம், பூவராகனின் சித்தப்பா மகன், வயதில் மட்டும் அவனுக்கு மூத்தவன். பஞ்சு அடிப்பது, உறையில் திணிப்பது, தைப்பது, தூக்கிப் போவது எல்லாம் இவன் தலையில். பேசுவது மட்டும் இவன் வேலையில்லை.

அதில்தான் வம்பு வந்தது.

கோதண்டத்தின் மனைவி செங்கமலம் ஒரு புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையிலுள்ள அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது சொன்னாள்: "கல்யாணமாகி மூணு வருஷத்துல உங்க வாயிலேருந்து வந்தது ரெண்டே வார்த்தை. 'ம்' ஒண்ணு, 'சரி' ஒண்ணு. என்னைக்கு முழுசா ஒரு பேச்சு பேசுறீங்களோ, அன்னைக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா திங்கக்கிழமை திருப்பூர் கம்பெனியில போய்ச் சேர்ந்துருவேன். அங்க ஹாஸ்டல் இருக்கு."

கோதண்டத்துக்கு நெஞ்சு வரைக்கும் எத்தனையோ வந்தது. வாய்க்கு வந்தது "சரி" மட்டும்தான்.

இரண்டு நாள் பஞ்சு அடித்தான். வெள்ளிக்கிழமை காலையில் அருணகிரி அண்ணனிடம் போய் நின்றான்.

"அவ காய் நறுக்கையில காதுல மாட்டிக்கிட்டு ரெண்டு பேர் பேசுறதைக் கேப்பா. கேட்டுச் சிரிப்பா," என்றான். அவன் ஆயுளிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

"அதுக்குப் பேரு பாட்காஸ்ட்," என்றார் அருணகிரி கண்ணை மூடிக்கொண்டு. "நாமளும் ரெண்டு பேரு பேசி அனுப்பிருவோம்."

"நாம மூணு பேரு இருக்கோமேண்ணே," என்றான் பூவராகன்.

"அப்ப ஒருத்தன் பேசாம இருக்கணும். யாருக்கு அது நல்லா வரும்?"

இருவரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அரைமணி நேர ஆலோசனைக்குப் பிறகுதான், அவன் பேசுவதற்காகத்தான் இந்த ஏற்பாடே என்பது பூவராகனுக்கு நினைவு வந்தது. அருணகிரி பெரிய மனதோடு தானே ஒதுங்கிக்கொண்டார்.

எதிரே செல்போன் கடை வைத்திருந்த ரெஜினாவிடம் யோசனை கேட்டார்கள். அவள் கூட்டத்துக்கு நடுவே ஒரு துண்டுச்சீட்டில் மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். "காசு எதுவும் செலவு பண்ணாதீங்கண்ணா. வீட்டுல இருக்கறதை வச்சே பண்ணலாம். இதுல உள்ளபடி செய்ங்க, போதும்."

உள்ளபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

'ஒரே போன் போதும். இருவர் வாய்க்கும் நடுவில், சம தூரத்தில் இருக்கட்டும்' என்று முதல் வரி சொன்னது. அருணகிரி மெத்தை அளக்கும் டேப்பை எடுத்தார். பூவராகனுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. தூரத்தைப் பல்லிலிருந்து அளப்பதா, உதட்டிலிருந்து அளப்பதா என்று கேள்வி எழுந்தது.

"பேச்சு உதட்டுலதானே முடியுது," என்றான் பூவராகன்.

"உனக்குப் பல்லுதாண்டா முடிவு. உதடு அதுக்குப் பின்னால வருது," என்றார் அருணகிரி. கடைசியில் இருவர் மூக்குக்கும் குறுக்கே நூல் கட்டி, சரியாக நடுவில் கோதண்டத்தின் போனைத் தொங்கவிட்டார்கள். யார் தும்மினாலும் மற்றவன் தலையாட்டினான்.

'கேட்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசவும்' என்றது அடுத்த வரி. நினைப்பதில் பிசகு வந்துவிடக் கூடாதென்று ஒரு நீளத் தலையணைக்குச் செங்கமலத்தின் பச்சைச் சேலையைச் சுற்றி, எதிரில் உட்கார வைத்தார்கள். கோதண்டம் தலையணையைப் பார்த்தான். காது சிவந்தது. "ம்" என்றான்.

"தலையணை என்ன சொல்லுது?" என்று விசாரித்தார் அருணகிரி.

"ஒண்ணும் சொல்லலைண்ணே."

"கோபம் தீரலை போல."

பூவராகன் தலையணைக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்து, "எதையும் மனசுல வச்சுக்காதீங்க அண்ணி," என்று கேட்டுக்கொண்டான். மோர் அப்படியே இருந்தது. அண்ணியின் பிடிவாதம் தெரிந்ததுதான் என்று தலையணையைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

சிக்கல் மூன்றாவது வரியில்தான் வந்தது. 'வெளிச்சத்தம் துளியும் உள்ளே வரக் கூடாது. நாலா பக்கமும் மெத்தையால் மூடிக்கொள்ளவும்.' வேறு யாராவது என்றால் சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்திருப்பார்கள். இவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

"சாய்ச்சு வச்சா இடுக்கு இருக்கும்," என்றார் அருணகிரி. "இடுக்கே இல்லாத இடம் எது?"

"மெத்தைக்கு உள்ளதாண்ணே," என்றான் பூவராகன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கல்யாண சைசில் இரட்டை உறை ஒன்றை விரித்து, கோதண்டத்தையும் பூவராகனையும் எதிரெதிராகப் படுக்க வைத்து, சுற்றிலும் பஞ்சைத் திணித்தார் அருணகிரி. மூச்சுக்கு என்ன வழி என்று கோதண்டம் கண்ணாலேயே கேட்டான். பப்பாளித் தண்டு இரண்டை வெட்டி, ஆளுக்கு ஒன்றாக மூக்கருகில் செருகி வெளியே நீட்டிவிட்டார். போனில் பதிவுப் பொத்தானை அமுக்கினார். பிறகு கோணி ஊசியை எடுத்து நான்கு ஓரமும் தைத்து முடித்தார். அவர் கையால் இத்தனை நேர்த்தியாகத் தைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

'ஆரம்பத்தில் பத்து நொடி இருவரும் அமைதியாக இருக்கவும்' என்று சீட்டில் இருந்தது. வெளியே அருணகிரி விரல்விட்டு எண்ணினார். பத்து முடிந்தது. முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தவர், வெளிச்சத்தம் துளியும் உள்ளே போகக் கூடாதே என்று மூடிக்கொண்டார். உள்ளே கோதண்டமும் பூவராகனும் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அமைதியாக இருப்பது கோதண்டத்துக்குக் கைவந்த கலை. பூவராகன் பாதியில் தூங்கிவிட்டான்.

ஒரு மணி நேரம் போயிற்று. அருணகிரி மெத்தையில் காதை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தமில்லை. "பேசி முடிச்சுட்டாங்க," என்று தீர்மானித்துக் கடைசி வரியைப் படித்தார்.

'முடிந்ததும் எதையும் பிரித்து மாற்றாமல், அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடவும்.'

சரக்கு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

மெத்தை தூக்கப்பட்டதும் ஏற்றப்பட்டதும் கோதண்டத்துக்குத் தெரிந்தது. பாட்காஸ்ட் என்றால் இப்படித்தான் ஆடும் போலும் என்று இருந்துவிட்டான். ரயில்வே கேட் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது பூவராகன் "அய்யோ அம்மா" என்று விழித்தான்.

அமைதி முடிந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

"வணக்கம். உங்க பேரு என்ன?" என்று ஆரம்பித்தான் பூவராகன்.

"கோதண்டம்."

"உங்களுக்கும் எனக்கும் என்ன உறவு?"

"எங்கப்பா உனக்குச் சித்தப்பா."

"கேக்க ரொம்ப சந்தோஷம். நீங்க ஏன் வீட்டுல பேசுறதே இல்லை?"

கும்மிருட்டு. எதிரே பூவராகன் முகமும் இல்லை, பச்சைச் சேலையும் இல்லை. கோதண்டம் வாயைத் திறந்தான்.

"பதினாலு வயசுல பஞ்சு அடிக்க வந்தேன்," என்றான். "வாயைத் திறந்தா பஞ்சு போயிரும்னு முதலாளி சொன்னாரு. மூடினேன். இருபது வருஷம் மூடியே பழகிருச்சு. வீட்டுக்கு வந்தும் திறக்கணும்னு தோணலை. ஆனா உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். அவ கொள்ளு ரசம் வச்சா, நல்லாருக்குன்னு சொல்லத்தான் நினைப்பேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ தட்டைக் கழுவிருவா."

"மேல சொல்லுங்க," என்றான் பூவராகன். கேள்வி தீர்ந்துவிட்டிருந்தது.

மேலே சொன்னான். மடை திறந்த மாதிரி சொன்னான். வண்டி நின்றதோ, நாலு பேர் மெத்தையை இறக்கிக் கட்டிலில் போட்டதோ அவன் கவனத்திலேயே இல்லை. அதற்குப் பின் நடந்ததெல்லாம் மாமியார் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

"என்னா கனம். மாப்பிள்ளை பஞ்சுல கஞ்சத்தனம் பண்ணலை," என்று மாமியார் மெத்தையில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "அடியே, மெத்தை பேசுது."

செங்கமலம் வந்து பப்பாளித் தண்டில் காதை வைத்தாள். "அவரு குரலும்மா."

"மெத்தைக்குள்ள படுத்துக்கிட்டா ஒரு மனுசன் பேசுவான்?"

"எங்கயாச்சும் பேசுறாரே, விடு."

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வர்றேன், பிரிச்சு விடுவோம்."

"பிரிச்சா நிறுத்திருவாரும்மா. இப்பத்தான் எங்க கல்யாண நாளுக்கு வந்திருக்காரு. என் மூக்குத்தியைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு, கேளு."

மாமியார் இன்னொரு தண்டில் காதை வைத்தார். அதில் பூவராகன் "மேல சொல்லுங்க" என்றது மட்டும்தான் கேட்டது. "இவன் யாருடி நடுவுல?" என்று அலுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி காய் நறுக்கப் பலகையோடு வந்திருந்தாள். ஆட்டோ டிரைவர் வாடகைக்காக வாசலில் காத்திருந்தார். மூக்குத்தி முடிந்து, போன ஆடியில் செங்கமலத்துக்குக் காய்ச்சல் வந்த கதை ஆரம்பமானபோது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டியை எடுத்தாள்.

"டிரைவரண்ணே, திரும்ப ஏத்துங்க."

"மெத்தை பிடிக்கலையாம்மா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. நானும் வர்றேன்."

மெத்தை மேலேயே உட்கார்ந்து, தண்டில் ஒரு காதை வைத்தபடி வாகைப்பட்டி வந்து சேர்ந்தாள். கடைவாசலில் ரெஜினாதான் தையலை வெட்டிவிட்டாள். கோதண்டம் தலையெல்லாம் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தான். எதிரே மனைவி நின்றாள்.

"ம்," என்றான்.

"போதும்," என்றாள் செங்கமலம். "இது எனக்கு ஒரு வருஷத்துக்கு வரும். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ரெஜினா போனை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு நிமிஷம் பதிவாகியிருந்தது. ஒரு சொல் இல்லை. நடுவில் பூவராகனின் குறட்டை இருந்தது. அதற்குப் பிறகு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருந்தது. அருணகிரி ஒரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு, வெளிச்சத்தம் துளியும் இல்லை, வேலை சுத்தம் என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடை திறக்க வந்தபோது, ஓடைக்கரைப் பெண்கள் பதினோரு பேர் வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பேசுற மெத்தை ஒண்ணு வேணும். எங்க வீட்டுக்கும் பொருந்துமா?"

அருணகிரி கண்ணை மூடி யோசித்தார். டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொருந்தும்மா. ஆனா ஒண்ணு, முன்னாலேயே சொல்லிடறேன். உறையும் பஞ்சும் கடையில போட்டுருவோம். வீட்டுக்காரரை மட்டும் நீங்க கொண்டாந்துரணும்."