மூணு சுவரு வீட்டுக்கு அனுமதி ஓலை

வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சுத்தியல எடுப்பீங்க. இதுல முறுக்கு மீசை வேற. உங்களுக்குன்னே ஒரு கதை வெச்சிருக்கேன், கிட்ட வாங்கப்பா. பாதியில தலை சுத்துச்சுன்னா என்னைத் திட்டாதீங்க. கதையில வர்றவனுக்கும் அதே கதிதான்.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி மருதங்காட்டு நாட்டை உக்கிரவர்மர்னு ஒரு ராஜா ஆண்டாரு. காலையில ஒரு சட்டம் போடுவாரு, சாயங்காலம் அது எதுக்குன்னு அவருக்கே மறந்துடும். ஒரு நாள் எவனோ கட்டின மாடிச் சுவரு அவரு பல்லக்குப் பக்கத்துல சரிஞ்சு விழுந்துச்சு. உடனே, அனுமதி ஓலை இல்லாம ஒருத்தனும் கல்லு மேல கல்லு வெக்கக் கூடாதுன்னுட்டாரு. ஓலை குடுக்குறது மனை அதிகாரி தில்லைநாயகம்.

அந்த ஊருல திருஷ்டி பொம்மை தொங்க விடாம எவனும் கட்டட வேலைய ஆரம்பிக்க மாட்டான். அதனால பொம்மை தொங்குனா வேலை நடக்குதுன்னு காவக்காரங்க முடிவு பண்ணிக்குவாங்க. சட்டப்படி, ஓலை வர்ற வரைக்கும் அந்த வாசலுக்குள்ள யாரும் போகக் கூடாது. வேலை முடியாம பொம்மையக் கழட்டவும் கூடாது.

மோர் விக்கிற பிச்சாண்டி வீட்டுல ஒரு பக்கச் சுவரு விழுந்துருச்சு. வழக்கப்படி பொம்மையத் தொங்க விட்டான். காவக்காரன் வந்து வாசல்ல குறுக்குக் கட்டையப் போட்டுட்டுப் போயிட்டான். பொண்டாட்டி அஞ்சலை, பொறந்து பத்து நாளான புள்ளையத் தூக்கிக்கிட்டு எருமைக் கொட்டாயில போய் உக்காந்தா. கொட்டாய்க் கூரையில வானம் தெரியுது. ஐப்பசி மழை இன்னிக்கோ நாளைக்கோங்குது.

பிச்சாண்டி தினமும் அரண்மனைக்கு மோர் ஊத்துறவன். ஊத்தும்போது ரெண்டு கிண்டல் அடிப்பான், ராஜா சிரிப்பாரு. தன் பேச்சுக்கு ஒரு நாளும் சிரிக்காத ராஜா இவனுக்குச் சிரிக்கிறாரேன்னு தில்லைநாயகத்துக்கு வயிறு எரியும். இப்ப ஓலை கேட்டு ஆளு வசமா வந்து மாட்டினான்.

"பழுது பாக்கப் போறியா, புதுசா கட்டப் போறியா?"

"பழுதுதாங்க."

"அப்ப பழுதான சுவத்தைக் காட்டு."

"அது விழுந்துருச்சுங்களே."

"அப்ப புதுசு. புதுசுன்னா காலி மனையக் காட்டு."

"மீதி மூணு சுவரு நிக்குதுங்களே."

"அப்ப பழுது."

பிச்சாண்டி ஒரு தடவை வெளிய போய் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதேதான். தன் வீடு பழசா புதுசா, தனக்கு வீடு இருக்கா இல்லையான்னே அவனுக்குச் சந்தேகம் வந்துருச்சு. நேர்ல வந்து ஒரு பார்வை பாத்துடுங்கன்னு கெஞ்சினான். ஓலை இங்க இருக்கும்போது நான் ஏன் அங்க வரணும்னாரு அதிகாரி. ராஜாகிட்ட முறையிட்டான். அவரும் தில்லைநாயகத்தைக் கேளுன்னுட்டு மோரைக் குடிச்சாரு.

மறுநாள் விடியக்காலை ராஜா ஆத்துல குளிக்கப் போயிருந்த நேரம். பிச்சாண்டி சந்தையில ஒரு பொம்மை வாங்கி, மோர்ப்பானையோட கொண்டு போய் அரண்மனை வாசல்ல தொங்க விட்டுட்டான்.

ராஜா ஈர வேட்டியோட நடுங்கிக்கிட்டே வந்தாரு. காவக்காரங்க ஈட்டியக் குறுக்க நீட்டினாங்க. பொம்மை தொங்குது, ஓலையக் காட்டுனா உள்ள போகலாம்னு பணிவாச் சொன்னாங்க. தில்லைநாயகம் ஓடி வந்தாரு.

"உடனே ஓலையக் குடுய்யா. குளிருது."

அதிகாரி எழுத்தாணிய எடுத்தாரு. பிச்சாண்டி பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்தான்: "பழுதா, புதுசான்னு மொதல்ல கேளுங்க சாமி."

பழுதுன்னா பழுதான சுவத்தைக் காட்டணும்னாரு அதிகாரி, ராஜா சுத்திப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. புதுசுன்னா காலி மனை எங்க? அரண்மனை நிக்குது. சரி, வேலையே நடக்கல, பொம்மையக் கழட்டுன்னாரு. வேலை முடிஞ்சாத்தானே கழட்டலாம்னான் பிச்சாண்டி. நடக்காத வேலை எப்பய்யா முடியும்? ராஜா வெரல் விட்டு எண்ணிப் பாத்தாரு, தலையச் சொறிஞ்சாரு, மூணு தும்மல் போட்டாரு.

"இந்தக் கிறுக்குச் சட்டத்துக்கு எவன்யா முத்திரை வெச்சான்?"

எல்லாரும் ராஜாவோட கையப் பாத்தாங்க. ராஜா தன் வெரல்ல கிடந்த முத்திரை மோதிரத்தைப் பாத்தாரு. அப்புறம் ஈர வேட்டியப் புடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"எருமைக் கொட்டாயில என் புள்ளைக்கும் இப்படித்தான் குளிரும் மகாராஜா" அப்படின்னான் பிச்சாண்டி. சிரிப்பு நின்னு போச்சு.

ராஜா தானே பொம்மையப் புடுங்கிப் போட்டுட்டு உள்ள போனாரு. அன்னிக்கே அவரு உத்தரவுல தில்லைநாயகம் தலையில செங்கல் கூடை ஏறுச்சு. கொத்தனாருங்களோட சேந்து மூணு நாள் சுமந்தாரு. சுவரு எழும்பி, அஞ்சலை புள்ளையோட உள்ள போனா. நாலாம் நாள் மழை கொட்டுச்சு. ராஜா கொடையப் புடிச்சுக்கிட்டு நேர்லயே வந்து பிச்சாண்டிகிட்ட, மனை அதிகாரி வேலை இனிமே உனக்குத்தான், இந்தச் சட்டமே வேணாம்னாலும் சொல்லு, எடுத்துடலாம்னாரு.

பிச்சாண்டி நெளிஞ்சான்.

"சட்டம் இருக்கட்டும் மகாராஜா. அதிகாரி நேர்ல வந்து பாக்கணும்னு மட்டும் ஒரு வரி சேருங்க."

"ஏன்?"

"அந்தச் சுவரு தானா விழல. காத்து வரட்டும்னு யாரையும் கேக்காம நான்தான் ஜன்னலுக்கு ஓட்டை போட்டேன். தில்லைநாயகம் ஒரு நடை வந்து பாத்திருந்தா, அன்னிக்கே என்னைப் புடிச்சிருப்பாரு."