நாற்பத்தோராவது சொல்

“டீச்சரம்மா, ஏழாவது கடையிலயும் வெளியே அனுப்பிட்டா.”

பஸ்ஸில் ஏறியதும் சௌரிராஜன் சொன்னது இதுதான்.

டீச்சரம்மாவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

அவள் பெயர் நிரோஜினி. யாழ்ப்பாணத்துப் பெண். பனி கொட்டும் ஒரு வடதேசத்துத் துறைமுக ஊரில் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாள். தன் இருக்கைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஊர் மொழி சொல்லிக் கொடுப்பாள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு சொல்.

அந்த மொழி லேசுப்பட்டதில்லை. மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஒரு சொல்லை ஆரம்பித்தவன், அதை முடிக்கும்போது தாடியோடு நின்றான். நான் கண்ணால் பார்த்தேன்.

சௌரிராஜன் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் தளிகை செய்தவர். இங்கே அவருக்குத் தெரிந்தது நாற்பது சொல். மாசக் கடைசிக்குள் வேலைக் கடிதம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள்.

மாசக் கடைசி, நாளை மறுநாள்.

“என்ன கேட்டவை?” என்றாள் நிரோஜினி.

“எல்லா இடத்துலயும் ஒரே பரீட்சைதான். அஞ்சு பானை சூப் வெப்பா. ஒண்ணுல உப்பிருக்காது. ருசி பார்த்து எதுன்னு காட்டணும்.”

“காட்டினீங்களோ?”

“கரண்டியை நீட்டினா, வாங்கிண்டேன். ருசி பாருன்னா, பார்த்தேன். அஞ்சும் நன்னா இருக்கான்னா, ஆமாம்னேன். நன்றின்னேன். மன்னிக்கணும்னேன்.”

மூன்றாவது கடைக்காரன், “இதுவரை எத்தனை அடுக்களையைக் கொளுத்தியிருக்கிறாய்?” என்று கேட்டதற்கும், “ஆமாம், நன்றி” என்றுதான் சொல்லியிருக்கிறார்.

“எனக்கு நாக்கால உப்புப் பார்க்கத் தெரியாதும்மா. பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி வாயில வைக்கப்படாது. இருபத்தாறு வருஷமும் காதாலதான். உப்புப் போட்ட கொதிக்கு ஒரு சத்தம், போடாததுக்கு ஒரு சத்தம்.”

“அதை ஏன் அவையளுக்குச் சொல்லேல்லை?”

“நாற்பது சொல்லுல அது எங்கே இருக்கு? இன்னும் ஒரு நூறு சொல்லிக் குடுங்கோ.”

“நூறு வேண்டாம். ஒண்டு போதும்.”

சொன்னாள். அதை இங்கே எழுதினால் அச்சுக்கூடத்தில் எழுத்து தீர்ந்துவிடும். தமிழில் ‘மாட்டேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வேலை கேக்கப் போறவன் மாட்டேங்கறதா? உருப்பட்டாப்பலதான்!”

“உங்கடை நாப்பது சொல்லையும் எண்ணிப் பாருங்கோ ஐயா. ஒண்டாவது நிமிர்ந்து நிக்குதோ?”

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

பஸ் நின்றது. அது அவர் வழக்கமாக இறங்கும் இடமே இல்லை. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை.

“இறங்குங்கோ. ஒரு சுத்துப் போட்டு வாறன்.”

எட்டாவது கடையின் தலைமைச் சமையல்காரன் ஆறரை அடி. அவன் தும்மினால் துறைமுகத்தில் படகுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

அடுப்பின்மேல் ஐந்து பானை பட்டாணி சூப் கொதித்தது. கரண்டியை நீட்டினான்.

“ருசி பார்.”

சௌரிராஜனின் தொண்டைவரை ‘ஆமாம்’ வந்துவிட்டது. விழுங்கினார்.

“மாட்டேன்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ருசி பார் என்றேன்.”

“மாட்டேன்.”

அவன் கழுத்திலிருந்து காது வரை சிவந்தான். வாசலைக் காட்டினான்.

“வெளியே போ.”

இந்த இரண்டு சொல்லும் சௌரிராஜனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏழு கடையில் படித்தது.

“மாட்டேன்.”

கோட்டைக் கழற்றினார். மஃப்ளரை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கரண்டியை வாங்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கிறவனைப் பார்த்து, “உஸ்ஸ்” என்றார். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. அவன் குழாயை மூடினான்.

முதல் பானைப் பக்கம் காதைச் சாய்த்தார். நகர்ந்தார். இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதில் நின்றார். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, பானையிலிருந்த அகப்பையால் கிளறினார். மறுபடி கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐந்தாவதைக் கேட்டதும் முகம் சுளித்து, துணியைப் பிடித்துப் பானையை இறக்கி வைத்துவிட்டார்.

அது அடிப்பிடித்திருந்தது. பரீட்சையில் அது இல்லை.

சமையல்காரன் நாலாவதை ருசி பார்த்தான். ஐந்தாவதன் அடியைச் சுரண்டிப் பார்த்தான். யாருமில்லாதபோது செய்வதைப் போல, மூன்றாவது பானையிடம் தன் காதை மெல்லக் கொண்டுபோனான்.

பிறகு என்னவோ பேசினான், நீளமாக. சௌரிராஜனுக்கு விளங்கியது இரண்டு சொல்.

கடிதம். நாளை.

ஒன்பதாம் நம்பர் ஒரு சுற்று முடித்து வந்து நின்றது. கடையின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே, கறை படிந்த ஏப்ரனோடு ஒருவர் பானைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

நிரோஜினி ஹாரன் அடித்தாள்.

“ஏறுங்கோ ஐயா, வீட்டை போவம்!”

சௌரிராஜன் பானையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அந்த ஊர் மொழியில், நடுவில் மூச்சு வாங்காமல், ஒரே வீச்சில் சொன்னார்:

“மாட்டேன்.”