ஒரு விசில், இரண்டு விசில்

கால் ஒடிந்த கண்டக்டர் சூசைமுத்துவைப் பணிமனை அலுவலகத்தில் டூட்டிப் பட்டியல் போட உட்கார வைத்தார்கள். அந்த மென்பொருளின் மெனுவில் ஒரு திரையில் முதல் வரி ‘சேமி’. அடுத்த திரையில் அதே இடத்தில் ‘அழி’. பழகிய கை முதல் வரியை அழுத்தியது. நாளைய பட்டியல் மொத்தமும் அழிந்தது.

அந்த மெனுவைத் தானே வகுத்ததாகப் பீற்றிக்கொள்ளும் மேலாளர் பரமானந்தம் சஸ்பெண்ட் உத்தரவோடு வந்தார்.

“எழுதித்தானே இருக்கு? படிச்சிட்டு அழுத்த வேண்டியதுதானே! மெனுவுலதான் தப்புன்னு சொல்றியா? கம்ப்யூட்டரைத் தொடாம நிரூபி. முடியலேன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு.”

“பஸ்ல ஏறுங்க சார்,” என்றார் சூசைமுத்து. டிரைவர் பேச்சியப்பனின் காதில் ஏதோ சொல்லி, முன் கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினார்.

பஸ் பணிமனைச் சுவரை நோக்கிப் புறப்பட்டது.

“நிறுத்தச் சொல்லுய்யா!” என்றார் மேலாளர்.

சூசைமுத்து ஒரு விசில் ஊதினார். பஸ் வேகமெடுத்தது. மறுபடி ஒன்று. இன்னும் வேகம். மேலாளர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

“யோவ், ஒரு விசில்னா நிக்கணும்யா!”

“இந்த பஸ்ல ஒண்ணுன்னா போகணும், ரெண்டுன்னா நிக்கணும். எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலையா சார்?”

“எந்த பஸ்ஸா இருந்தாலும் ஒண்ணுன்னா நிக்கணும்!”

சூசைமுத்து இரண்டு விசில் ஊதினார். சுவருக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது.

“எந்தத் திரையா இருந்தாலும் முதல் வரின்னா சேமிக்கணும். நானும் அதைத்தான் சார் சொல்றேன்.”

மேலாளர் உத்தரவைக் கிழித்தார். மறுநாள் எல்லாத் திரையிலும் முதல் வரி ‘சேமி’ ஆனது. மன்னிப்பு மட்டும் அவர் கேட்கவில்லை. அந்த வரி எந்த மேலாளரின் மெனுவிலும் கிடையாது.